கடுக்காய்க் கறுப்பு

கரமனை, திருவனந்தபுரம்
கார்த்திகை மாதம், வியாழக்கிழமை காலை

அன்புள்ள மங்கலத்துக்கு,

நயினார் எழுதுகிறேன். உடம்பளவில் நலம். வடசேரியில் நீயும் உன் அக்காள் கோமதி மதினியும் நலமாக இருக்க வேண்டும். மதினியின் முழங்காலுக்குப் புது எண்ணெய் கேட்கிறதா? இங்கே மத்தியானத்துக்கு மேல் தினமும் மழை. கொடியில் போட்டது எதுவும் காய்வதில்லை.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். கூப்பிட்டேன். நீ ம் என்கிறாய், தப்பினால் சரி என்கிறாய். மதினி வேறு போனைச் சத்தமாக வைத்துப் பேசுகிற பழக்கம் உள்ளவர். நான் இருமினால்கூட அந்த வீடு முழுவதும் கேட்கும். ஆகவே எழுதுகிறேன். இதைத் தனியாக இருந்து படி. சொல்ல வேண்டியதைக் குழப்பிவிடுவேனோ என்ற பயத்தில், தணிக்கை ஆபீஸில் பழகிய வழக்கப்படி முதலிலேயே என் ஆட்சேபங்களை வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. பானை.
2. வாளியும் அதன் நாற்றமும்.
3. என் வேட்டிகள் இப்போது இருக்கிற நிலை.
4. இந்தச் சாயம் போடும் வேலைக்கே அவசியம் இல்லை என்பது.
5. உன் கையைப் பற்றி நான் சொன்னது. (இது ஆட்சேபம் இல்லை. ஆனாலும் வரிசையில் வராமல் விட முடியவில்லை.)

முதலாவது, பானை. திருவாதிரைக்குக் களி கிண்டுகிற பானை அது. அதில் கடுக்காய்த் தூளைக் கொதிக்க வைத்து, என் வேட்டியை முக்கி, களி கிண்டுகிற அதே அகப்பையால் அமுக்கிவிட்டாய். அடுக்களைக்குள் வந்து பார்த்தபோது மஞ்சள் நுரைக்குள்ளிருந்து வேட்டி ஒரு குமிழாக மேலே எழும்பி வந்தது. ஏதோ ஒன்று மூச்சு விடுவது போல இருந்தது. இப்போது பானையைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். உள்ளே பாதி உயரத்துக்கு ஒரு வளையம் நிற்கிறது, போகவில்லை. வருகிற திருவாதிரைக்கு எதில் கிண்டுவது என்று நீதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வாளி. துருப்பிடித்த ஆணி, உடைந்த கதவுக் கொண்டி, பழைய அரிவாள்மணையின் அலகு எல்லாவற்றையும் வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டு மூடி, குளிமுறிக்குப் பின்னால் வைத்தாய். புளிக்க வேண்டும், போனில் பார்த்தேன் என்றாய். புளித்தது. மேலே பூத்த ஆடையின் நிறத்தை நான் எழுதவில்லை. சோறு உண்ணும் நேரத்தில் நீ இதைப் படிக்கக்கூடும். கள்ளும் செத்த எலியும் சேர்ந்த வாடை, காற்று திரும்பினால் படுக்கை வரை வந்தது. பக்கத்து வீட்டு ஸ்ரீகண்டன் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, எந்தா சாறே, வல்ல எலியும் சத்தோ என்று, எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என விசாரித்தார். நான் எலிதான் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னேன் என்பதைவிட, அவர் உதவிக்கு வந்துவிடுவாரோ என்றுதான் அன்று முழுவதும் பயந்துகொண்டிருந்தேன்.

நீ போன பிறகும் அந்த வாளி அங்கேயே இருக்கிறது. கொட்டலாம் என்று இரண்டு தடவை மூடியைத் திறந்தேன். இரண்டு தடவையும் மூடிவிட்டேன்.

மூன்றாவது, வேட்டிகள். ஆயுசு முழுக்க வெள்ளை உடுத்தவன் நான். ஆபீஸில் என் மேசைக்கு அடையாளமே அதுதான். அந்த வேட்டிகளைக் கடுக்காயில் முக்கி, காயப்போட்டு, பிறகு அந்த வாளியின் இரும்புத் தண்ணீரில் முக்கினாய். வெள்ளை முதலில் பிணத்தின் சாம்பல் நிறமானது. மறுபடி முக்கினாய், சட்டியடிக் கரியானது. பச்சைக் கரை சாணி நிறமாயிற்று. ஜரிகைக் கரை செத்த பாம்பின் தோல் மாதிரி இருக்கிறது. அலசிய தண்ணீர் குளிமுறித் தரையில் ஓடிய இடமெல்லாம் கறை. முதல் நாள் உடுத்து அவிழ்த்தபோது என் இடுப்பைச் சுற்றிலும் கறுப்பு. என் உடம்பையே சீயென்று பார்த்தேன்.

இங்கே ஒன்று குறிப்பிட வேண்டும். இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன், ஆகவே எந்த எண்ணின் கீழ் வரும் என்று தெரியவில்லை. பழையதைப் புதுசாக்குவதுதான் நோக்கம் என்றால், என் சட்டைகளையல்லவா முதலில் எடுத்திருக்க வேண்டும்? அவற்றின் கழுத்துப் பட்டை மஞ்சளித்துக் கிடக்கிறது. ஒரு சட்டையைக்கூட நீ தொடவில்லை. வேட்டிகள், என் கட்டிலின் விரிப்பு, நான் உட்காரும் பிரம்பு நாற்காலியின் மெத்தை உறை, இவ்வளவுதான். உன் கட்டில் விரிப்பு வெள்ளையாகவே இருக்கிறது.

நான்காவதற்கு வருகிறேன். அவசியம் இல்லை என்று நான் சொன்னதற்கு அன்று எனக்குக் காரணம் இருந்தது. ஓய்வூதியத்தில் நாலு வேட்டி வாங்க நமக்கு முடியாதா? இது உனக்குப் பொழுது போகாமல் வந்த வேலை என்று நினைத்தேன். அப்படி நினைக்க இடம் கொடுத்ததும் நீதான். முதலில் உன்னுடைய பழைய சேலை இரண்டைத்தான் முக்கினாய். அதில் ஒன்று அந்தக் கிளிப்பச்சைச் சுங்கடி. பீரோவையே புதுசாக்கப் போறேன் கேட்டேளா, சாயம் வெளுத்தது ஒண்ணும் இனி இருக்காது என்று சிரித்தாய். பிறகுதான் என் பக்கம் வந்தாய். முதல் வேட்டியைக் கொடியில் உதறிப் போட்டுவிட்டு, இனி நீங்க எங்க வேணும்னாலும் போய்ட்டு வரலாம் என்றாய். எனக்கு விளங்கவில்லை. என்னை மலைக்கு அனுப்பப் பார்க்கிறாளா என்று நினைத்தேன்.

ஆவணியில் அறுவை முடிந்து வந்தது முதல் நான் படி இறங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். வெயில் என்றேன், கண் கூசுகிறது என்றேன், மழை தொடங்கியதும் வழுக்கும் என்றேன். ஸ்ரீகண்டன் சாயங்கால நடைக்கு வந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டார். நாலு ஆளு மொகத்தைப் பாக்காம இருந்தா மனுஷன் பூசணம் பூத்துப் போயிருவான் என்று நீ சொன்ன பிறகும் நாற்காலியை விட்டு எழவில்லை. உண்மைக் காரணத்தை இப்போது எழுதுகிறேன். எழுத்தில் பார்க்கவே கூசுகிறது. அறுவைக்குப் பிறகு சிறுநீர் என் வசத்தில் இல்லை. எழுந்தால் வருகிறது, தும்மினால் வருகிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த, ஈரம் உறிஞ்சும் உறையைக் கட்டிப் பார்த்தேன், தொடை புண்ணாகிவிட்டது. மறுபடி கட்ட மனம் வரவில்லை. வெள்ளை வேட்டியில் சொட்டு விழுந்தால் தெருக்கோடி வரை தெரியும். நீ எழும்புவதற்கு முன்னால் பின்பக்கக் குழாயில் நானே அலசிப் போட்டுவிடுவேன். ஏன் நீங்களே அலசுறேள் என்று நீ ஒருநாள்கூடக் கேட்கவில்லை. மறைத்துவிட்டேன் என்று என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இந்தக் கறுப்பை எப்படி இறக்குவது என்று, நீ கடுக்காய் வாங்கிய சாலை பஜார் கடையிலேயே கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். உடுத்துவதற்குக் கறுப்பைத் தவிர வேறில்லை. ஒரு வெள்ளையை உனக்குத் தெரியாமல் பீரோவின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன், ஆனால் அதை உடுத்திப் போகத் துணிவில்லை. நீ போன நாள் முதல் சவரமும் செய்யவில்லை. கார்த்திகை மாதத்தில் கறுப்பு வேட்டியும் தாடியுமாக ஒருவன் இந்த ஊரில் வெளியே இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றாமல் போனது.

படியிலேயே ஸ்ரீகண்டன், மாலையிட்டோ சாறே, என்னிடம் ஒரு வாக்கு பறஞ்ஞில்லல்லோ என்று, சொல்லாமல் விட்டதற்குக் குறைப்பட்டுக்கொண்டார். பஸ்ஸில் ஒரு பையன் சட்டென்று எழுந்து, சாமி இவிட இரிக்கு என்று இடம் விட்டான். கிழக்கேகோட்டையில் சாயாக்கடைக்காரர் எனக்கென்று ஒரு கிளாஸை எடுத்து வெந்நீரில் இரண்டு தடவை கழுவினார். வாங்கிக்கொண்டேன். என் கழுத்தில் மாலை இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. காலையில் நான் தின்றது நெத்திலிக் கருவாடும் பழங்கஞ்சியும். விரலில் அந்த வாடையோடு, விரதக்காரனுக்குக் கொடுத்த கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதைவிடக் கேவலமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

இதற்கு மேலும் ஒன்று நடந்தது. சாலைக்குள் திரும்புகிற இடத்தில் பூ விற்கிற அம்மாள் ஒருத்தி, நம்ம பக்கத்துக்காரிதான், கூடையை இறக்கி வைத்துவிட்டு, எம் மக பிரசவத்துக்கு இருக்கா சாமி, மலையில ஒரு வார்த்தை சொல்லிருங்க என்று குனிந்து என் காலைத் தொட்டாள். நான் பதறிப் பின்னால் நகர்ந்தேன். நகர்ந்ததில் வந்துவிட்டது. தொடை வழியாகச் சூடாக இறங்குவது தெரிந்தது. என் உடம்பை, என் வயதை, அந்த மனுஷியின் பக்தியை, எல்லாவற்றையும் அருவருத்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் வேட்டியையும் பார்த்தாள். கும்பிட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குனிந்து நானே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, மங்கலம். தொட்டுப் பார்த்தால்தான் ஈரம்.

அந்த வேட்டியோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் லிங்கம் என்னை அடையாளம் கண்டு ஸ்டூல் போட்டார். நான் உட்காரவில்லை. கறுப்பை இறக்க வழி உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்தார். எறங்கவா அண்ணாச்சி, எறங்கக் கூடாதுன்னுல்லா மதினி அத்தனை கேள்வி கேட்டாங்க என்று உன்னைத்தான் சொன்னார். பாக்கெட் சாயம் வாங்கிட்டுப் போங்க, ஒரு மணி நேர வேலைன்னு நான் சொன்னேன், அது வேண்டாம்னுட்டாங்க, நனைஞ்சா ஒரு நிறம் காய்ஞ்சா ஒரு நிறம் ஆகும், எனக்கு நனைஞ்சாலும் காய்ஞ்சாலும் ஒரே மாதிரி இருக்கணும்னாங்க என்றார். வயல்ல எறங்குற ஆளுக்கா மதினின்னு கேட்டதுக்கு, இல்ல, ஆபீசருக்கு என்றாயாம். இதைச் சொல்லிவிட்டு அவர் மறுபடி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஐந்தாவது. கறை ஏறிய விரல்களோடு நீ எனக்குப் பரிமாறியபோது, இந்தக் கையால போட்ட சோறு தொண்டையில எறங்காது என்றேன். நீ கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். எலுமிச்சம்பழத்தை அரிந்து தேய்த்தாய், போகவில்லை. மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு, ஒங்களுக்கு ஆகாத கை எங்க அக்காளுக்கு ஆகும், கஞ்சியும் பயறும் நீங்களே வச்சுக் குடியுங்கோ என்றாய். தம்பானூர் வரை ஆட்டோவில் வந்து உன்னை ரயிலேற்றி விட்டிருக்கலாம். அதற்கும் எனக்கு வேட்டியைப் பற்றிய பயம்.

அந்தக் கை ஆவணியிலிருந்து எதையெல்லாம் தொட்டது என்று இப்போது யோசிக்கிறேன். விடிவதற்குள் நான் அரைகுறையாக அலசிப் போட்டதை நீ மறுபடி எடுத்துச் சோப்புப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவை அப்படி மணத்திருக்காது. என் விரிப்பை வெயிலுக்குப் போட்டபோதும் நீ முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. அருவருப்பு முழுவதும் என் பங்குக்கே வந்திருக்கிறது. நான் சொன்னதை நீ மறந்துவிட வேண்டும் என்று எழுதினேன், அடித்துவிட்டேன். அதைக் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

ஒரு விவரம் கேட்க வேண்டும். ஒளித்து வைத்திருந்த அந்த வெள்ளை வேட்டியை நேற்று எடுத்துக் கடுக்காய்த் தண்ணீரில் போட்டேன், அதே பானையில். இன்று காலை மூக்கைப் பொத்திக்கொண்டு உன் வாளிக்குள் முக்கினேன். சாம்பல் நிறத்தோடு நிற்கிறது. அடுத்த முக்கு காய்ந்த பிறகா, ஈரத்தோடேயா? போனில் பார்க்க எனக்குத் தெரியவில்லை. என் விரலும் நகமும் கறுத்துவிட்டன. அந்தக் கையால்தான் மத்தியானத்துக்குச் சோறு பிசைய வேண்டும்.

மதினிக்கு என் வணக்கம். முழங்கால் தேறிவிட்டது என்றால் அதைக் காரணம் காட்டி ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வண்டிக்கு நீ கிளம்பலாம். தம்பானூர் மேடையில் நான் நிற்பேன். யாராவது சாமி என்று கூப்பிட்டால் நீ சிரிக்காமல் இருக்க வேண்டும். விரல் கறை போயிருக்காவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே வா. நீ தீர்க்காயுசாக, எனக்கு முன்னால் போகாமல் இருக்க வேண்டும்.

அன்புடன்,
நயினார்

பி.கு. மேலே கண்ட ஆட்சேபங்களில் பானை, வாளி, நிறம் மூன்றும் அப்படியே நிற்கின்றன. வாளி இன்றைக்கும் நாறுகிறது. நான்காவது மட்டும் தவறு. அவசியம் இருந்தது.