பட்டறை பார்க்கும் பொறுப்பு

மாப்பிள்ளை,

இன்று காலை சலவைக்குப் போயிருந்த துணி வந்து இறங்கியது. கட்டை அவிழ்த்ததும் பிளீச்சிங் பவுடரின் காரமான வாசனை கம்பெனி முழுக்கப் பரவியது. தையல் மிஷின்களின் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரம் நான் இங்கே இல்லை. உன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, வியர்த்த உன் முதுகைப் பார்த்தபடி வீரபாண்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. உன்னிடம் ஒரு விஷயத்தைப் பதினைந்து வருடமாக மறைத்து வைத்திருந்தேன். இனி எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அப்போது நமக்கு இருந்தது ஒரு தகரக் கொட்டகையும் வாடகைக்கு எடுத்த இரண்டு நிட்டிங் மிஷினும். காதர்பேட்டை பனியன் கடைவீதியில் கல்கத்தா வியாபாரி ஒருவர் நம்மை நம்பி முதல் ஆர்டர் கொடுத்திருந்தார். பனியன் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும், துர்கா பூஜைக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்பது அவர் பேச்சு. அது தவறினால் மிஷின்கள் போய்விடும், நாம் இருவரும் பழையபடி யாரோ ஒருவர் கம்பெனியில் கூலிக்கு நிற்போம். மிஷினில் துணி ஓட்ட நமக்குத் தெரியும். வெளுக்க வெளியேதான் கொடுத்தாக வேண்டும். யாரிடம் கொடுப்பது?

சலவைப் பட்டறை பட்டறையாக அலைந்தோமே, அது எத்தனை நாள் என்று இப்போது நினைவில்லை. எனக்கு அது ஒரே நீளமான வெயில் நாளாகத்தான் தெரிகிறது. தரிசுக் காடு முழுக்கக் கயிறு கட்டி பனியன் துணியைக் காயப் போட்டிருப்பார்கள். உருளையாய்ப் பின்னிய துணிக்குள் காற்று புகுந்து, அத்தனையும் உப்பி, மெதுவாக அசையும். நீ சைக்கிளை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்ப்பாய். வந்த வேலையைப் பாரு என்று நான் பிடரியில் தட்ட வேண்டும்.

போன இடத்தில் எல்லாம் தங்களிடம் இருப்பதிலேயே வெள்ளையான துணியை எடுத்துக் காட்டினார்கள். நீ அதைத் தொடக்கூட மாட்டாய். "ஏனுங்க, கெட்டுப்போன துணி ஏதாச்சும் இருந்தாக் காட்டுங்க" என்பாய். எனக்கு மானம் போகும். ஒருவர் "எங்க பட்டறையில கெடறதே இல்லீங்க" என்றார். இன்னொருவர் நம்மை வாசல் வரைக்கும் வழியனுப்பி வைத்தார். சுப்பண்ணன் மட்டும்தான் சிரித்தபடி தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய், பழுப்பேறிக் கிடந்த ஒரு குவியலைக் காட்டினார். "போன ஐப்பசியில மழை பிடிச்சுக்கிச்சுங்க. அவசரப்பட்டு மருந்தை ஏத்திப் போட்டேன். என்ற தப்புத்தான்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நீ பாடிக்கொண்டே வந்தாய். உன் குரலுக்குப் பாட்டு ஒத்தே வராது, ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

சுப்பண்ணன் என்று முடிவாயிற்று. அங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன்.

என் மச்சினன் அந்த மாதம்தான் புதிதாகப் பட்டறை போட்டிருந்தான். என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "என்ற தம்பி இருக்கறப்ப வேற ஆளுக்குக் குடுத்தா, நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுல அவங்க மூஞ்சியில எப்படீங்க முழிக்கறது?" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நம் ஆட்களுக்குச் சொந்தம் என்றால் கண் தெரியாது. உனக்குச் சொல்லாமல், சுப்பண்ணனுக்குப் போக வேண்டிய துணியில் ஆறு ரோலை மட்டும் அவனிடம் கொடுத்தேன்.

துணி மாறிப்போகாமல் இருக்க, ஒவ்வொரு பட்டறையிலும் துணியின் முனையில் தங்கள் நிற நூலால் ஒரு தையல் போட்டுத்தான் தொட்டியில் இறக்குவார்கள். சுப்பண்ணனுக்கு நீலம், மச்சினனுக்குச் சிவப்பு. ஆறு ரோலும் திரும்பி வந்ததும், நீ இல்லாத நேரம் பார்த்து, சிவப்பு நூலை உருவிவிட்டு நீல நூலால் தைத்து வைத்தேன். 

வெட்டுவதற்கு முன் நீ ஒரு முனையைப் பிடித்து இழுத்தாய். துணி அப்பளம் மாதிரி பிய்ந்து வந்தது. ஆறும் அப்படியே. நீ கத்தவில்லை. நீல நூலோடு கிழிந்த முனையைச் சுருட்டிக்கொண்டு, "சுப்பண்ணனையே கேட்டுப்போட்டு வர்றேன்" என்று கிளம்பினாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஒரு நல்ல மனுஷன் தலையில் பழி விழப்போகிறது என்று தெரிந்தும் மிஷினுக்கு எண்ணெய் போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்து, "தப்பு நடந்துபோச்சாம் மாப்ள. நாம வேற துணி ஓட்டிக் குடுத்தா, அமாவாசை லீவு பாக்காம வெளுத்துத் தர்றேங்கறாரு" என்றாய். அவ்வளவுதான். கல்கத்தாவுக்குத் தந்தி கொடுத்து ஒரு வாரம் தவணை வாங்கினாய். ஓட்டினோம், வெளுத்து வந்தது, சரக்கு ரயிலேறியது. நாம் பிழைத்தோம். சுப்பண்ணனுக்கு எது தன் துணி என்றுகூடத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்தவன் நான். இதை எழுதக் கூசுகிறது.

உன் கருமாதியன்று சுப்பண்ணன் வந்திருந்தார். கண் மங்கிவிட்டது, தடியூன்றித்தான் நடக்கிறார். பந்தல் ஓரமாக உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். உன்னிடம் சொல்லாததை அவரிடமாவது சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தெரியுமுங்க. அந்த நீல நூல் புதுசா மின்னுச்சு. தொட்டிக்குள்ள எறங்குன நூலா இருந்தா வெளுத்திருக்கோணுமில்லீங்க? நான் சொல்றதுக்கு முன்னாலயே உங்க சினேகிதரும் பாத்துட்டாரு. 'அவன் மச்சினன் புதுசாப் பட்டறை போட்டிருக்கானுங்ண்ணா'ன்னாரு."

"அப்புறம் ஏனுங்க தப்பை நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"அவரு கேட்டாருங்க. 'பட்டறை மேல தப்புன்னே இருக்கட்டுங்ண்ணா, அவன் மச்சினன் ஊட்டுல தலைகுனிஞ்சு நிக்கக்கூடாது'ன்னாரு. எப்படீங்க மாட்டேங்கறது?"

மாப்பிள்ளை, பந்தலில் அத்தனை பேர் முன்னால் நான் வாய்விட்டு அழுதேன். உன்னை நினைத்து அழுகிறேன் என்று எல்லோரும் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

நாளைக்கு இரண்டு புதுப் பட்டறைகளைப் பார்க்கப் போக வேண்டும். இந்த ஊரில் எந்தப் பட்டறையை நம்பலாம் என்று என்னைத்தான் வந்து கேட்கிறார்கள். அந்தச் சரக்கு ரயிலேறிய மறுநாள், என் கையில் சைக்கிளைக் கொடுத்து, "இனிமேப் பட்டறை பாக்கறது உன்ற பொறுப்பு மாப்ள" என்றாய். அதன் பிறகு நான் யாரைச் சொன்னாலும் நீ ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. உனக்கு அலைச்சல் அலுத்துவிட்டது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.