இடம் மாறிய முளை

ஐப்பசி, வியாழன் இரவு.

யாரோ முளையைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டிருக்கிறார்கள். பழைய மேய்ச்சல் நிலத்தில் புல் திரும்ப வருகிறதா என்று பார்க்க, மாதாமாதம் அந்த இரும்பு முளை அருகே நின்றுதான் படம் எடுக்கிறேன். படத்தின் இடது ஓரத்தில் எப்போதும் ஒரு புளியமரம் விழும். இன்று அது நடுவில் நின்றது. எதிரே முழங்கால் உயரத்துக்குப் புல். முளை முன்பு இருந்த இடத்தைத் தேடிப் போனேன். அங்கே கட்டாந்தரைதான்.

காவலுக்கு இருக்கும் வெள்ளையனைக் கூப்பிட்டு முளை எப்படி நகர்ந்தது என்று கேட்டேன்.

"மாடு முட்டிருக்கும் மேடம்."

மாடு முட்டினால் முளை சாயும். சுற்றிலும் கல் வைத்து இறுக்க மாட்டுக்குத் தெரியாது.

"உங்க ஆடு உள்ள பூந்து மேஞ்சிடுச்சா? அத மறைக்கத்தான் மாத்தி நட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கு இன்னாத்துக்கு மேடம் அந்த வேல? படம் எடுக்கறது நீங்க, பாக்கறது மேல இருக்கறவுங்க."

ஃபிளாஸ்கிலிருந்து நான் ஊற்றிக் கொடுத்த டீயைத் தொடாமல் போய்விட்டார். ஜீப்பில் திரும்பும்போதும் எனக்கு அவர் மேல்தான் சந்தேகம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வேலூரிலிருந்து மேலதிகாரி பேசினார். "படம் நல்லா பச்சையா வந்திருக்குமே. நடுவுல அந்தப் புளியமரம் தெரியாம க்ராப் பண்ணி அனுப்பும்மா."

படத்தை நான் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை. மரத்தைப் பற்றி வெள்ளையனிடம்கூடச் சொல்லவில்லை.

"சரிங்க சார்" என்றுதான் சொல்லி வைத்தேன்.