நான் சொல்லாத பெயர்

கஜா பெராங், மலாக்கா
14 செப்டம்பர் 1958

சிரஞ்சீவி என் பிள்ளைக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான் நலம். சிங்கப்பூரில் நீயும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

நீ அனுப்பிய நாவல் செவ்வாய்க்கிழமை வந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் உன் அப்பாவின் பெயர் இருந்தது. அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அவர்தான் எங்கிருந்தோ எதையோ அனுப்பியிருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். பிறகு எழுத்தைப் பார்த்தேன். பக்கத்து எழுத்தில் போய் இடிக்கும் அந்தக் கொம்பு உன்னுடையது. எத்தனை முறை திருத்தியும் நீ மாற்றிக்கொள்ளவில்லை. தெய்வானை என்று நாங்கள் வைத்த பெயரை விட்டு அப்பா பெயரை எடுத்துக்கொண்டாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

முழுவதும் படித்தேன். ஒற்றுப் பிழைகள் நிறைய. பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். ஆணா பெண்ணா என்று தெரியாமல் பிறந்த குழந்தையைப் பார்த்து மருத்துவச்சி அலறியதாக எழுதியிருக்கிறாய். உனக்குப் பிரசவம் பார்த்த அஞ்சலை அலறவில்லை. உன்னைத் துடைத்து என் கையில் கொடுத்து, "பிள்ளை நல்லா இருக்கும்மா. பொண்ணா பையனான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க" என்றாள். பெண் என்றே வைத்துக்கொள்வோம் என்றார் உன் அப்பா. அந்த அறையில் யாரும் அழவில்லை. அடுத்த பதிப்பில் இதைச் சரி செய்.

தாயை மூன்றாம் அத்தியாயத்திலேயே காய்ச்சலில் கொன்றுவிட்டாய். எனக்குக் காய்ச்சல் வந்தது உண்மை. நான் பிழைத்துக்கொண்டேன். மீசை அரும்பிய பிள்ளை அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊரைவிட்டுப் போகும்போது, கதையில் வீட்டில் யாரும் இல்லை. இங்கே நான் இருந்தேன். அலமாரியில் ஒரு சட்டை குறைந்ததை அன்றே பார்த்தேன். அதற்குக் காலர் கிழிந்திருந்தது. சொல்லியிருந்தால் தைத்துக் கொடுத்திருப்பேன்.

பக்கத்து வீட்டுக் கமலவேணி மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடியை இன்னும் இறக்கவில்லை. வேலியில் நின்று, "டியா பிலா பாலேக்?" என்று கேட்பாள், எப்போது ஊர் திரும்புவது என்று. தலைமுறைகளாகத் தமிழை விட்டுவிட்ட அந்த மலாக்காச் செட்டி வீட்டு மலாயில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், டியா. "டியா சிபோக்", வேலை அதிகம் என்பேன். தமிழ்ப் பெண்கள் விசாரித்தால் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவேன். ஆகையால் உன்னைப் பற்றி நான் பேசுவது இப்போது கமலவேணியிடம் மட்டும்தான், அதுவும் மலாயில்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். புருஷன் பெயரைச் சொல்வதில்லை என்ற வழக்கம் உனக்குத் தெரியும். கான்வெண்டில் படித்தவளுக்கு இது எதற்கு என்று கன்னியாஸ்திரிகள் சிரித்தார்கள். நான் விடவில்லை. யாத்திரை போய் வந்த உன் அத்தையைக்கூடக் கங்கைக்குப் போனவள் என்றுதான் சொல்வேன், அந்த ஊர்ப் பெயர் அவர் பெயரில் இருக்கிறது என்பதால். அவர் போன பிறகும் சொன்னதில்லை, எழுதியதில்லை. உலகத்தில் அத்தனை பெயர் இருக்க, நீ அதை எடுத்தாய். என்னைக் கேட்கவில்லை.

உறையின் மேல் பெயர் எழுதித் தரட்டுமா என்று கமலவேணி கேட்டாள். வேண்டாம் என்றேன். என் பிள்ளையின் பெயரை எழுத எனக்கு இன்னொரு கை எதற்கு?

மற்ற சட்டைகளை வெயிலில் போட்டு மடித்து வைத்திருக்கிறேன். உனக்குத் தோள் அகலம் எவ்வளவு என்று தெரியவில்லை. தீபாவளிக்கு வந்தால் அளந்து பிரித்துத் தைத்துவிடலாம். வேலியோரம் ஆள் இருந்தாலும் நான் வாசலில் நின்று உரக்கத்தான் கூப்பிடுவேன்.

காசிவிஸ்வநாதா, நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு, உயிரோடு இருக்கும் உன் அம்மா
வடிவாம்பாள்