கொள்ளிடத்தில் ஒலிக்காத எச்சரிக்கை

வியாழன், இரவு

பேட்டரியை மிச்சம் பிடிக்க, ஆற்றில் நிற்பவர்களின் உயிரைப் பணயம் வைக்கிறோம். சிக்னல் நன்றாக இருந்தால், வெள்ள எச்சரிக்கையை வாங்கி ஒலிக்கும் எங்கள் ரிசீவர் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். எவ்வளவு குறைக்கலாம் என்பதை ஸ்ரீரங்கத்தில், என் ஆராய்ச்சி கைடு வீட்டு மொட்டைமாடியில் வைத்து முடிவு செய்தோம். இன்று கொள்ளிடத்தில், சிக்னல் தடைபடும் கரைக்குக் கீழே அதை வைத்தேன். லேபிலிருந்து எச்சரிக்கையைச் சோதனைக்காகப் பலமுறை அனுப்பினார்கள். ஒருமுறை அது ஒலிக்கவே இல்லை.

அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா சிரித்தார். “என்ன தம்பி, உங்க மிஷினுக்கும் மத்தியானத் தூக்கமா?”

சாயங்காலம் கைடிடம் சொன்னேன்.

“பேட்டரி பாதி மிச்சமாயிருக்குய்யா! ஒரு தடவதானே விட்டுச்சு? அதை ரிப்போர்ட்டுல எழுத வேண்டாம்.”

“அப்ப நாளைக்கு நீங்க ஆத்துல இறங்கி நில்லுங்க சார். நான் எச்சரிக்கை அனுப்புறேன்.”

லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நிப்பீங்களா, சார்?