கண்ணாடி இல்லாத பைக்

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

இங்கே நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் வேலைக்கு, இந்த நாட்டில் இனி நானே கார் ஓட்டிப் போக வேண்டுமாம். சிரிக்காதீர்கள். ஸ்டியரிங்கைத் தொடும் முன் சாலைப் பாதுகாப்பு வகுப்பு நடக்கிறது. பயிற்சி தரும் அம்மா ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் படும் ஆபத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கா சொல்லித்தர வேண்டும்? உங்கள் பைக்கில் வருஷக்கணக்காகச் செய்த வேலை! "வாய மூடிட்டு வா" என்று நீங்கள் அதட்டியதற்கெல்லாம் இங்கே பாராட்டு.

நேற்று, நின்றிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. "ஏங்க, மெதுவா! பிள்ளை வரும்!" என்று தமிழில் கத்தி, அந்த அம்மாவின் தோளை இறுக்கிப் பிடித்துவிட்டேன். அவர் வண்டியை நிறுத்தவும், பந்தின் பின்னால் ஒரு குழந்தை ஓடிவரவும் சரியாக இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்.

"யார் தோள்னு நினைச்சுப் பிடிச்சே?" என்று அவர் தன் மொழியில் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பாப்பாவுக்குச் சின்னதாகிப்போன சட்டை ஒன்று அனுப்புங்கள். கார் துடைக்க ஆகும். துவைக்காமலே அனுப்புங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இன்னொன்று. பைக்கில் கண்ணாடி மாட்டச் சொன்னபோதெல்லாம், "பின்னாடி பாக்கத்தான் நீ இருக்கியே" என்பீர்கள்.

இன்றைக்கே மாட்டிவிடுங்கள்.

உங்கள் பின்சீட்டுக்காரி