மருந்து வைக்காத தோட்டம்

அன்புள்ள வாத்தியாருக்கு,

பக்கத்து வீட்டு வெல்டர் எழுதுகிறேன். நானும் வீட்டுக்காரியும் சுகம். உங்கள் மகள் வீட்டில் மாடிப்படி அதிகம் என்று தபால்காரர் சொன்னார். முழங்கால் எப்படி இருக்கிறது? இருபத்திரண்டு வருடம் வேலிக்கு மேலேயே பேசிப் பழகிவிட்டோம். பேனாவைப் பிடித்து உங்களோடு பேசுவது கூச்சமாக இருக்கிறது. பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குச் சுண்டெலி மறுபடி வந்துவிட்டது. பட்டாணி விதை ஊன்றினால் மறுநாள் குழி மட்டும்தான் இருக்கிறது. "இது உங்க தோட்டமா, அதுங்க தோட்டமான்னு ஒரு பலகை எழுதி மாட்டிடுங்க" என்று வீட்டுக்காரி கேலி செய்கிறாள். கம்பி வலை வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர், "போன வருஷம் வாங்கினீங்களே, அதே பச்சை மருந்து இருக்குண்ணே" என்று எடுத்து மேசைமேல் வைத்தார். வலையைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். மறுநாள் வேறு கடைக்குப் போனேன்.

இந்த முறை மருந்தே கிடையாது. பறவைகளுக்கு இறைக்கும் தானியத்தை மூடி போட்ட தகர டப்பாவுக்கு மாற்றினேன். குப்பை மக்கும் குழிக்கு அடியில் வலை விரித்தேன். என் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை போதும் அதற்கு. அப்படிப்பட்ட ஓட்டைகளையெல்லாம் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் அடைத்தேன். பழைய எண்ணெய் டின்னில் நானே ஒரு கூண்டு செய்தேன். கதவு விழும்போது வால் நசுங்கக் கூடாதென்று விளிம்பில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டியிருக்கிறேன். உள்ளே கொஞ்சம் பஞ்சு, நாலு வேர்க்கடலை, தாகத்துக்கு ஒரு துண்டு வெள்ளரிக்காய். "எனக்கு இப்படி ஒரு ரூம் கட்டித் தந்திருக்கீங்களா?" என்கிறாள் வீட்டுக்காரி. காலையும் மாலையும் தவறாமல் திறந்து பார்க்கிறேன். மாட்டியதைப் பின்தெரு முனையிலுள்ள புதருக்குக் கொண்டுபோய் விடுகிறேன்.

போன வாரம் மாட்டியது கொஞ்சம் பருமனாக இருந்தது. புதர் ஓரத்தில் கதவைத் திறந்தும் ஓடவில்லை. வாசலில் நின்று வந்த வழியையே பார்த்தது. குனிந்து பார்த்தேன். வயிற்றில் முடி விலகி, பால் கட்டிய காம்புகள் தெரிந்தன. தோட்டத்து மூலையில் நான் போட்டு வைத்திருக்கும் பலகை அடுக்குக்குள் எங்கேயோ குஞ்சுகள் கிடக்கின்றன என்று அப்போதுதான் உறைத்தது. கதவை மூடிக்கொண்டு திரும்பி நடந்தேன். எதிரே வந்த தபால்காரர் டின்னில் என்ன என்று கேட்டார். விருந்தாளி என்றேன். பலகை ஓரமாகத் திறந்துவிட்டதும் அது நேராக உள்ளே ஓடியது. குஞ்சுகள் வளரும்வரை அந்த அடுக்கைத் தொடுவதில்லை என்று இருக்கிறேன். இந்த வருடம் பட்டாணி கிடையாது. போகட்டும்.

அன்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தவன் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. வாத்தியாரே, உங்களிடம் சொல்லாமல் ஒன்றை வைத்திருக்கிறேன்.

போன வருடம் உங்கள் நாய் குள்ளன் செத்துப்போனானே, அதற்கு முதல் நாள் மருத்துவரிடம் போனோம். துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தீர்கள். ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. மருத்துவர், "அக்கம்பக்கத்துல யாராவது எலி மருந்து வச்சிருக்காங்களா? தெரிஞ்சா அதுக்குன்னு ஊசி இருக்கு" என்றார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "எங்க தோட்டத்துல இல்ல" என்றேன்.

இருந்தது. அதற்கு நாலு நாளைக்கு முன்னால் அதே பலகை அடுக்குக்கு அடியில் நான்தான் வைத்தேன். நாய்க்கு எட்டாத இடம்தான். மருந்து தின்று செத்த எலி எங்கே வேண்டுமானாலும் கிடக்கும், அதைக் குள்ளன் தின்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. அது அறியாமல் செய்தது. ஆனால் இல்லை என்று சொன்னது அறிந்து சொன்னது. நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் துளி சந்தேகம் இல்லை. அந்தப் பார்வையை இழக்க மனம் வரவில்லை. அதற்கு விலையாகக் குள்ளனைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் குழி வெட்டியதும் நான்தான். என் முதுகைத் தட்டி, "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றீர்கள். அதற்குப் பிறகு வேலிப் பக்கம் வர என் கால் எழவில்லை. "அவருக்கு என்மேல ஏதாவது கோபமாம்மா?" என்று வீட்டுக்காரியிடம் இரண்டு முறை கேட்டீர்களாம். அவளுக்கும் அப்போது தெரியாது. பேசுவதற்கு ஆளில்லாமல்தான் நீங்கள் மகள் வீட்டுக்குப் போனீர்கள் என்று நினைக்கிறேன். கோபம் உங்கள்மேல் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

போன வாரம்தான் அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காகிதத்தை என் முன்னால் வைத்து, "எழுதுங்க. அண்ணன் திட்டட்டும். திட்டுறதுக்கு அவருக்கு உரிமை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதில் எழுதப் பிடிக்காவிட்டால் வேண்டாம். திட்டுவதற்காகவாவது ஒரு முறை நேரில் வாருங்கள். கடிதத்தில் திட்டினால் எனக்குப் போதாது. சாயங்காலம் நாலு மணிக்குமேல் தோட்டத்தில்தான் இருக்கிறேன். வேலியில் நீங்கள் கை ஊன்றுகிற இடத்தில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. நேற்று அதை அடித்து உள்ளே இறக்கி, கையால் தடவிப் பார்த்தேன். இனி குத்தாது.

நீங்கள் எங்கிருந்தாலும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவன்