மாரிக்குப் பந்து கொடுத்தது

கார்த்திகை 14, வெள்ளி

பள்ளியில் கூடைப்பந்து ஆடிய நாங்கள் நால்வர் கம்ப்யூட்டரில் நடத்தும் கற்பனை லீக்குக்கு இன்று ஆள் எடுத்தோம். உலகத்தில் இதுவரை ஆடிய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் அதில் உண்டு. கூடவே ஒவ்வொரு டீமிலும் எங்கள் பள்ளி ஆள் ஒருவரைச் சேர்க்கலாம். ஒரே ஒருவர்தான்.

நான் மாரியைச் சேர்த்து, அவள் திறமைக்கு நிறைய மார்க்கும் போட்டேன். கல்யாணமாகி விளாத்திகுளம் பக்கம் போனபின் அவள் பந்தைத் தொட்டதில்லை. “மாவட்டத்தைத் தாண்டாதவளுக்கு இவ்வளவு மார்க்கா?” என்றான் ராஜா. பள்ளியில் அவளைத் தடுக்கப்போய் அவன் விழுந்ததை ஞாபகப்படுத்தினேன்.

ஆட்டத்தை ஓடவிட்டோம். கடைசி நொடியில் மாரி பாஸ்கெட் போட்டு என் டீமை ஜெயிக்கவைத்தாள். பொறுக்கமாட்டாமல் அவளுக்குப் போன் செய்தேன். மிளகாய்ப் புஞ்சையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, நானா போட்டேன்?” வெகுநேரம் சிரித்தாள். பிறகு கேட்டாள், “கடைசி நொடின்னா பந்து குடுத்தது நீதான? எப்பவும் லேட்டாத்தான குடுப்ப.”

“ஆமாட்டி, நான்தான்” என்றேன்.

அந்த டீமில் நான் இல்லை. பள்ளி ஆளுக்கு இருந்த ஒரே இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.